வேளாண்மை டெப்போ ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நம் தட்டுக்குக் களி எப்படி வரும்?

"வேளாண் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி" என்று பேப்பரின் ஒரு மூலையில் செய்தி வரும். எங்கள் ஊர் டீக்கடையில் அதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "போண்டா தின்னுட்டு, நோட்டு பேனா வாங்கிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வருவாங்க." எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்தவன்தான்.

மேடையில் ஏறியவர்கள் பேசுவது வேறு விதம். "பணியாளர் திறன் மேம்பாட்டின் வழியே உணவுப் பாதுகாப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் போய் வகுப்பில் உட்கார்ந்தால் தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் என் தட்டுக்கு எப்படிச் சோறு வரும்? அந்த நடுவழியை டீக்கடையிலும் சொல்வதில்லை, மேடையிலும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் அதிகாரி இல்லை. கொஞ்சம் ராகியும் கொஞ்சம் குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், வைத்திருப்பவன், அவ்வளவுதான்.

வீட்டில் மூட்டை இருந்தால் போதுமா?

உணவுப் பாதுகாப்பு என்றதும் பலரும் விளைச்சலை மட்டும் நினைக்கிறார்கள். இன்னும் சிலர் கலப்படத்தையும் உணவுத்துறை சோதனையையும் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு விஷயம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூலையில் நான்கு மூட்டை ராகி கிடக்கிறது. அது இருப்பு. மூட்டை பக்கத்து வீட்டில் இருந்து, என் கையில் காசும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை என்றால்? பொருள் ஊரில் இருந்தும் எனக்கு எட்டவில்லை. எட்டுகிறது, களியும் கிண்டியாகிவிட்டது, ஆனால் குடிக்கிற தண்ணீர் சரியில்லாமல் குழந்தைக்கு மாதம் மூன்று முறை வயிற்றுப்போக்கு. தின்றது உடம்பில் ஒட்டவில்லை. எல்லாம் சரியாக இருந்தும், தையில் நிறைந்த மூட்டை ஆடிக்குள் காலியாகிவிட்டால் நிலையாக இல்லை.

இருக்க வேண்டும், எட்ட வேண்டும், உடம்பில் சேர வேண்டும், வருஷம் முழுக்க நிலைக்க வேண்டும். 1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்ட விளக்கத்தின் சாரம் இதுதான். இந்த நான்கும் சேர்ந்ததுதான் உணவுப் பாதுகாப்பு. நான்கில் விளைச்சல் ஒன்றில் மட்டும்தான் நேராக வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் "பணியாளர்" என்றால் வயலுக்கு வருபவர் மட்டும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் எடை போடுபவர், குடோனில் மூட்டை அடுக்கச் சொல்பவர், கூட்டுறவு சங்கச் செயலாளர், ரேஷன் கடை விற்பனையாளர் எல்லோரும் இதில் வருகிறார்கள்.

களி கிண்டத் தெரியுமா?

ராகிக் களி எப்படிச் செய்வது என்று தர்மபுரி, கிருஷ்ணகிரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நொய்யை வேகவிட வேண்டும், மாவைக் குவியலாகக் கொட்டி மூடி வேகவிட வேண்டும், அப்புறம் துடுப்பால் கிண்ட வேண்டும். மூன்று வரி. இந்த மூன்று வரியை நம்பி நான் முதல்முறை கிண்டியபோது பாதிக்கு மேல் கட்டி. உள்ளே வேகாத மாவு வெள்ளையாகத் தெரிந்தது. என் அம்மா பாத்திரத்தை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, துடுப்பை ஓரத்தில் அழுத்தி இழுப்பார். எந்த நேரத்தில் அழுத்துவது, எப்போது கொஞ்சம் சுடுதண்ணீர் தெளிப்பது என்று அவருக்கு வாயால் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும்.

அந்த மூன்று வரி தகவல். அம்மாவின் கையில் இருந்தது திறன். தகவலைப் போனில் அனுப்பிவிடலாம். திறனை அப்படி அனுப்ப முடியாது. செய்து பார்த்து, தப்பு செய்து, பக்கத்தில் இருப்பவர் திருத்தி, மறுபடி செய்தால்தான் வரும். பயிற்சி என்ற சொல்லே பயில்வதிலிருந்து வந்ததுதானே. ஆனால் நம்மிடம் பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றில் நிறையவும் தகவல் சொல்லும் கூட்டம்தான். டீக்கடைக்காரர்கள் சிரிப்பதில் பாதி நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

பூசாரி மாறினாலும் திருவிழா நடக்கிறது

அடுத்த குழப்பம், நல்ல அதிகாரி ஒருவர் வந்துவிட்டால் துறையே நன்றாகிவிட்டது என்று நினைப்பது. எங்களுக்கு ஒரு காலத்தில் உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் இருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு நேராக வரப்பில் இறங்கிவிடுவார். அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் பழையபடி ஆனது. அப்படியென்றால் எங்களிடம் நல்ல ஆள் இருந்தார், நல்ல நிறுவனம் இருக்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவைப் பாருங்கள். பூசாரி மாறுகிறார், ஊர்க்கவுண்டர் இறந்துபோகிறார், பாதிப் பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தும் கம்பம் நடும் நாளன்று யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அறிவு எந்த ஒருவர் தலையிலும் மட்டும் இல்லை. ஆள் போனாலும் வேலை தெரிந்த நிலை போகாமல் இருக்கிறது என்றால் அதுதான் நிறுவனம். நிறுவனத்தை வலுப்படுத்துவது என்பது கட்டடம் கட்டுவதோ கணினி வாங்குவதோ இல்லை, அறிவு ஆளோடு போய்விடாமல் பார்த்துக்கொள்வது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது கூடுதலாகப் பொருந்தும். டெல்டாவில் வாய்க்கால் தண்ணீரில் நெல்லைப் பார்த்துப் பழகிய ஒருவர் பென்னாகரத்துக்கு மாற்றலாகி வந்தால், எதிரே இருப்பது மானாவாரி. சாமை, கொள்ளு, ராகிக்குள் மொச்சையும் துவரையும் ஊடுபயிர். படித்த படிப்பு அதேதான், ஆனால் நிலம் வேறு. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் பேச்சுக்கே தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் வேண்டும். புதிதாக வருபவரை முதல் இரண்டு மாதம் உள்ளூர் தெரிந்த ஒருவருடன் சேர்த்துச் சுற்ற விடுவதை யாரும் பயிற்சி என்று கணக்கெழுதுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் பயிற்சி.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: சோறு தட்டுக்கு வர நான்கு விஷயம் வேண்டும், அவற்றுக்குப் பல கைகள் வேலை செய்ய வேண்டும், அந்தக் கைகளுக்குத் தகவல் மட்டும் போதாது, கற்றது ஆளோடு போகவும் கூடாது.

யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்ததை உழவர் கைக்குக் கொண்டுவந்து, உழவரின் சிக்கலை ஆராய்ச்சிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வேலைக்கு விரிவாக்கம் என்று பெயர். நாம் டெப்போ என்று சொல்லும் இடத்தின் பலகையில் "வேளாண்மை விரிவாக்க மையம்" என்று இருப்பது இதனால்தான். வயதானவர்கள் இன்னும் "கிராமசேவக்" என்பார்கள். 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டக் காலத்துச் சொல் அது.

நம் பக்கத்தில் ஆராய்ச்சி என்றால் காவேரிப்பட்டணம் அருகே பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து ராகி, கொள்ளு ரகங்கள் வந்திருக்கின்றன. தர்மபுரிக்கு வேளாண் அறிவியல் நிலையம் பாப்பாரப்பட்டியில். சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து மறைந்த அதே பாப்பாரப்பட்டி. இந்த வகை நிலையங்களில் நாட்டிலேயே முதலாவது 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. உழவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். துறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதன் வேலைதான். மாநில அளவில் பணியாளர் பயிற்சிக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் ஒரு நிறுவனம் உண்டு. சங்கீதக் கல்வெட்டு இருக்கும் அதே குடுமியான்மலை. பாட்டைப் பயில்வதற்குக் கல்லில் குறிப்பு வெட்டி வைத்த ஊரில் பயிற்சி நிலையம் இருப்பது பொருத்தம்தான்.

1970களில் உலக வங்கி ஆதரவில் டேனியல் பெனோர் என்பவர் ஒரு முறையைப் பரப்பினார். இந்தியாவின் பல மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. பயிற்சியும் பார்வையிடலும் என்று பெயர். களப்பணியாளருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பயிற்சி, மற்ற நாட்களில் குறித்த கிழமையில் குறித்த ஊர். செலவு அதிகம், மேலிருந்து வந்ததை அப்படியே ஒப்பிக்கிறார்கள் என்று குறைகள் வந்தன, முறையும் தேய்ந்துபோனது. ஆனால் பயிற்சி என்பது வருஷத்துக்கு ஒரு விழா இல்லை, பயிரின் வயதோடு சேர்ந்து நடக்க வேண்டியது என்ற எண்ணம் அதில் இருந்தது. அது தேய்ந்ததுதான் எனக்கு வருத்தம்.

இன்னொருவரை மறக்கக் கூடாது. பயிரில் ஏதாவது என்றால் நாம் முதலில் போய் நிற்பது உரக்கடையில்தான். அதனால் கடைக்காரர்களுக்கென்றே "தேசி" என்று ஒரு வருடப் பட்டயப் படிப்பு 2003இல் தொடங்கப்பட்டது. நாற்பது வகுப்பு, எட்டு நாள் வயல் பார்வை. அரசு ஊழியர் இல்லாத ஒருவரையும் பயிற்சிக்குள் இழுத்தது புத்திசாலித்தனம்.

குச்சிக்கிழங்குக் காட்டில் நடந்தது

இனி நிஜமான ஒரு கதைக்கு வருவோம். கருத்தெல்லாம் இதில் வந்துவிடும்.

2020இல் கேரளாவில் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. நாட்டுக்கே புதிது. சீக்கிரமே தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளுக்கும் வந்துவிட்டது. என் காட்டில் பார்த்தபோது நுனி இலைகள் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடியின் தலை முட்டைக்கோஸ் மாதிரி குவிந்திருந்தது. சுருளைப் பிரித்தால் வெள்ளை மாவு.

நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்ததைத்தான். கடையில் கொடுத்த மருந்தை அடித்தேன். பத்து நாளில் மறுபடி மாவு. இன்னும் விலை கூடிய மருந்து. மறுபடி மாவு. மூன்றாவது முறை அடித்தபோது எனக்கே தெரிந்துவிட்டது, ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. இலைச் சுருளுக்குள், மாவுக்குள் பூச்சி பத்திரமாக இருக்கிறது. மருந்து கொன்றது யாரை என்றால் அதைத் தின்னும் பொறிவண்டையும் சின்னக் குளவிகளையும்தான்.

இந்தப் பூச்சி ஆப்பிரிக்காவுக்குப் பழைய எதிரி. 1970களில் காங்கோ பக்கம் நுழைந்து மரவள்ளியையே நம்பியிருந்த நாடுகளைக் கலங்கடித்தது. அங்கே மரவள்ளி நம்மூர் போல ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் சரக்கு இல்லை, தினச் சாப்பாடு. நைஜீரியாவில் இபாடான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்திலிருந்த ஹான்ஸ் ஹெரனும் அவர் குழுவும் பூச்சியின் பிறப்பிடமான தென் அமெரிக்காவில் அதன் இயற்கை எதிரியைத் தேட, பராகுவேயில் ஒரு நுண்ணிய குளவி கிடைத்தது. பெயர் அனாகைரஸ் லோபெஸி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். இப்படி இன்னொரு பூச்சிக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் உயிருக்கு ஒட்டுண்ணி என்று பெயர். 1981 முதல் அதை ஆப்பிரிக்காவில் விட்டார்கள். ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பலருக்கும் தெரியாத பகுதி, அந்தந்த நாட்டுப் பணியாளர்களுக்குக் குளவியை வளர்க்கவும், விடவும், வயலில் அடையாளம் காணவும் பயிற்சி கொடுத்ததும் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான் என்பது. குளவி மட்டும் போய் இறங்கியிருந்தால் பாதி நாடுகளில் அதையும் மருந்தடித்துக் கொன்றிருப்பார்கள்.

அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள்.

களப்பணியாளர் இப்போது செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். முதலில் எந்த மாவுப்பூச்சி என்று சொல்லத் தெரிய வேண்டும். மரவள்ளியில் பப்பாளி மாவுப்பூச்சியும் வரும். அது மஞ்சள் சாயல், புதியது இளஞ்சிவப்புச் சாயல். பூச்சி வேறு என்பதால் விடவேண்டிய குளவியும் வேறு. அப்புறம் சுருண்ட நுனியைக் கிள்ளி அழிக்கச் சொல்ல வேண்டும். பூச்சி இருக்கும் காட்டிலிருந்து நடவுக் குச்சி வாங்காதீர்கள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஊர் விட்டு ஊர் போவது குச்சியோடுதான். பழுப்பாக, உப்பி, பீப்பாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த மாவுப்பூச்சியைக் காட்டி, "இதுக்குள்ள குளவி வேலை செஞ்சிருக்கு" என்று உழவரை நம்பவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினம், காடு முழுக்க மாவாக நிற்கும்போது "மருந்து அடிக்காதீங்க" என்று சொல்வது. செய் என்று சொல்ல யாராலும் முடியும். சும்மா இரு என்று சொல்லி, அதற்குக் காரணமும் காட்டி நிற்கத்தான் திறன் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் படாதபாடு படுத்தியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து விட்டபின் அடங்கியது. அதாவது 2020இல் புதுப்பூச்சி வந்தபோது, "இந்த வகைக்கு மருந்து தீர்வில்லை, குளவிதான்" என்ற பாடம் ஏற்கெனவே தமிழ்நாட்டில் படித்து முடித்த பாடம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பத்து வருஷத்தில் ஓய்வு பெற்றிருப்பார்கள், மாற்றலாகியிருப்பார்கள். எங்கெல்லாம் அந்த அனுபவம் அடுத்தவர் கைக்குப் போயிருந்ததோ அங்கெல்லாம் உழவருக்கு மருந்துச் செலவு மிச்சம். எனக்கு மூன்று முறை மருந்துக்குப் போன பணம், நிறுவனம் மறந்துபோனதற்கு நான் கட்டிய வட்டி என்றே நினைத்துக்கொள்கிறேன்.

மூட்டை, மீட்டர், ரேஷன் கடை

ராகிக்கு வருவோம். 2023இல் தமிழக அரசு நீலகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களில் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அதற்கான ராகியைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தர்மபுரி, கிருஷ்ணகிரி உழவர்களிடம் நேரடிக் கொள்முதலும் செய்தது. குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய், 2025-26இல் 4,886 ரூபாய். நம் களத்து ராகி நம் ஊர் ரேஷன் கடைக்கே. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

இந்தச் சங்கிலி அறுந்துபோகும் ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கொள்முதலுக்கு ராகியின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே இருந்தால் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை அளக்கும் கருவி, தானியத்தின் வழியே மின்சாரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. நெல்லுக்கு ஒரு கணக்கு, ராகிக்கு வேறு கணக்கு. கருவியில் எந்தத் தானியம் என்று தேர்வு செய்ய வேண்டும். மூட்டையின் மேலாப்பில் ஒரு கைப்பிடி எடுத்தால் போதாது, நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலக்க வேண்டும். ரோட்டில் காயவைத்து நேராக ஏற்றிவந்த ராகி சூடு ஆறாமல் இருந்தால் அளவு பிசகலாம்.

ஒரு கொள்முதல் நிலையத்தில், எது என்று வேண்டாம், எனக்கு முன்னால் நின்றவரின் சரக்கு 14 என்று காட்டித் திருப்பி அனுப்பப்பட்டது. டெம்போ வாடகை கொடுத்துக் கொண்டுவந்தவர் அங்கேயே பேரம் பேச வந்த வியாபாரிக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கருவி நெல்லில் வைக்கப்பட்டிருந்ததை அப்புறம் வந்த ஒரு பையன்தான் கவனித்தான். ஒரு பொத்தான். அடுத்த வருஷம் அவர் ராகி போடவில்லை, அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் உழவரின் வருமானம், ரேஷன் கடையின் சரக்கு, அதை வாங்கும் வீட்டின் களி எல்லாம் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

குடோனிலும் இதே கதைதான். மூட்டையைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும், சுவரோடு ஒட்டக் கூடாது. காரணம் தெரிந்தவர் கவனிப்பார். உத்தரவை மட்டும் கேட்டவர் அதிகாரி வரும் நாளில் கவனிப்பார்.

போண்டாவைத் தாண்டி எப்படி அளப்பது?

பயிற்சி பலித்ததா என்று பார்க்க 1959 வாக்கில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் நான்கு படி சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா? புரிந்ததா? வேலைக்குத் திரும்பிப்போய் அப்படிச் செய்தார்களா? அதனால் பலன் வந்ததா? நம்மூர் அறிக்கைகள் முதல் படிக்கும் கீழே நின்றுவிடுகின்றன: எத்தனை பேர் வந்தார்கள். என் கருத்தில் மூன்றாவது படிதான் உயிர். கொள்முதல் நிலையத்துக்குப் பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய், பேசாமல் நின்று, கருவியை எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

மேலிருந்து கீழே பலருக்கும் சீக்கிரம் கொண்டுசேர்க்க, பயிற்சி கொடுப்பவருக்கே முதலில் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர் பத்து பேருக்கு, அந்தப் பத்து பேர் நூறு பேருக்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் சொசைட்டிக்குப் போகும் பாலில் தண்ணீர் சேர்கிற மாதிரி கொஞ்சம் நீர்த்துப்போகும். கடைசி ஆளுக்கும் ஒருமுறையாவது பூச்சியையோ கருவியையோ கையில் கொடுக்காவிட்டால் மிஞ்சுவது தகவல்தான்.

அப்புறம், பயிற்சியால் தீராதவையும் உண்டு. ஆள் இல்லாத நாற்காலிக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. பல ஊர்களை ஒருவரே பார்க்க வேண்டியிருந்து, அதோடு மானியக் கணக்கும் போனில் பதிவேற்றும் வேலையும் சேர்ந்தால் எவ்வளவு கற்றவரும் வரப்புக்கு வரமாட்டார். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழும்போது ரோட்டோரம் கொட்டுகிறார்களே, அதை எந்த வகுப்பும் தடுக்காது. விலையும் சாலையும் குளிர்சாதனக் கிடங்கும் தனிக் கதை.

கீழிருந்து மேலே

விரிவாக்கம் இரண்டு பக்கமும் போக வேண்டும் என்று முன்னால் சொன்னேன். வயலில் பார்த்ததை மேலே கொண்டுபோவதற்குப் பின்னூட்டம் என்று பெயர். புதுப்பூச்சியை யாரோ ஒருவர் முதலில் பார்த்து, "இது வழக்கமானது இல்லையே" என்று சந்தேகப்பட்டதால்தானே எல்லாம் தொடங்குகிறது.

போன ஆடியில் என் காட்டில் இரண்டு செடியில் மறுபடி நுனி சுருண்டிருந்தது. புதிதாக வந்திருக்கும் உதவி வேளாண்மை அலுவலர் சின்ன வயசுப் பெண். சுருளைப் பிரித்து, போனின் டார்ச்சை அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஐயா, பழுப்பா உப்பிக்கிட்டு இருக்கு பாருங்க, குளவி இருக்கு. மருந்து வேண்டாம். ஆனா இந்தப் பக்கம் இருக்கிறது வேற மாதிரி தெரியுது, எனக்குச் சரியா சொல்லத் தெரியல" என்றார். நான் ஒரு பாலித்தீன் கவரை நீட்டினேன். "அதுல போட்டா வேர்த்து அழுகிடும்யா, பேப்பர் இருக்கா?" என்று கேட்டு, அன்றைய செய்தித்தாளில் நுனியைச் சுற்றி, மேலே ஊர்ப்பெயரும் தேதியும் எழுதினார். வெள்ளிக்கிழமை பாப்பாரப்பட்டியில் அவர்களுக்குப் பயிற்சியாம். அங்கே காட்டிவிட்டு வந்து சொல்கிறேன் என்று வண்டியின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.